சீஸ் கட்டியில் ஒரு கடி

திங்கட்கிழமை லேப் பிரிட்ஜிலிருந்து தயிர் போனது. செவ்வாய்க்கிழமை இரண்டு வாழைப்பழத்தில் ஒன்று போனது. புதன்கிழமை பாலீஷ்காரர் கொண்டுவந்த அவித்த உருளைக்கிழங்கில் பாதி போனது. பாத்திரம் மட்டும் மூடி போட்டபடி, ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி அதே தட்டில் உட்கார்ந்திருந்தது. தின்றதுதான் தின்றார்கள், மூடியையும் இவ்வளவு அழகாகத் திரும்பப் போட வேண்டுமா என்றுதான் மெழுகு அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது பல் செட் செய்யும் லேப். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். இங்கே மேனேஜரையும் சேர்த்து ஐந்து பேர் பிளாஸ்டரில் அச்சு வார்த்து, பல் அடுக்கி, மினுமினுப்பாக்கித் திருப்பி அனுப்புவார்கள். மெழுகில் பல் அடுக்குகிறவள் மெழுகு அக்கா. பத்தொன்பது வருடமாக அதையே செய்கிறாள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் புழக்கத்தில் இல்லை. நோயாளியின் முகம் யாருக்கும் தெரியாது. ஒரு பிளாஸ்டிக் பை, அதில் ஒரு அச்சு, ஒரு சீட்டு, சீட்டில் ஒரு நம்பரும் ஒரு பெயரும், அவ்வளவுதான். நம்பருக்குப் பல் கட்டி அனுப்பினால் அது யாரோ ஒருவர் வாயில் போய் உட்கார்ந்து சிரிக்கும்.

இந்தப் பழக்கம் பிரிட்ஜ் வரைக்கும் போயிருந்தது. சாப்பாட்டையும் அதே பிளாஸ்டிக் பையில் போட்டு, அதே சீட்டில் ஆளின் நம்பரை எழுதித்தான் உள்ளே வைக்க வேண்டும். பிரிட்ஜ், மேனேஜர் வீட்டில் வேலைக்கு ஆகாது என்று தள்ளப்பட்டு இங்கே வேலைக்குச் சேர்ந்தது. கதவை இடுப்பால் ஓர் இடி இடித்தால்தான் மூடும். அந்தச் சத்தம் கடைசி மேஜை வரை கேட்கும். ஆனால் பிளாஸ்டர் அறையில் காம்ப்ரசர் ஓடுகிற நேரத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. திருடினவருக்கு அதுவும் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் உள்ளே இருக்கிற ஆள்தான். மெழுகு அக்கா பல்லை அடுக்கிக்கொண்டே ஆட்களையும் அடுக்கிப் பார்த்தாள். பாலீஷ்காரர் வாய் பெரியதுதான், ஆனால் பேசுவதற்கே அது போதவில்லை. தவிர, அவர் உருளைக்கிழங்கும் அல்லவா போயிருக்கிறது? பிளாஸ்டர் அண்ணன் வீட்டிலிருந்து இரண்டு ஆள் சாப்பாடு கொண்டுவருகிற மனிதர். மேனேஜர் மதியம் வீட்டுக்குப் போய்விடுவார். ஷேடு சார்? சேச்சே. பீங்கான் பல்லுக்கு நிறம் பார்க்கிறவர் அவர். ஐம்பத்திரண்டு வயதிலும் மடிப்புக் கலையாத சட்டை. ஆப்பிளை நறுக்காமல் கடித்துத் தின்று, "பல்லுன்னா இப்படி இருக்கணும்" என்று இருபது வருடமாக அந்த மேஜையில் பெருமை பேசினவர். அவர் போய் அடுத்தவர் வாழைப்பழத்தைத் தொடுவாரா?

மிச்சம் இருந்தது துடைக்கிற பெண். வேலைக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகிறது. காலையில் எல்லாருக்கும் முன்னால் வருவாள், சாவி அவளிடம். முந்தின நாள் அவள் பிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றதை மெழுகு அக்கா தன் கண்ணால் பார்த்தாள். கையில் ஈரத்துணி இருந்ததையும் பார்த்தாள். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் துணியெல்லாம் கண்ணில் தங்காது.

புதன்கிழமை சாயங்காலம் மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், நான் சொன்னேன்னு வெளிய தெரிய வேணாம். புதுசா வந்த பொண்ணு வந்தப்புறம்தான் இதெல்லாம்."

"நீ பாத்தியா?"

"பிரிட்ஜைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னா. நான் பாத்தேன்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் அதைச் சொல்ல அவளுக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. மேனேஜர் தலையை ஆட்டினார். "வெள்ளிக்கிழமை மத்தியானம் கணக்கைத் தீர்த்து அனுப்பிடுறேன். இந்தச் சில்லறைத் திருட்டை வளரவிட்டா நாளைக்குத் தங்கப் பல்லு காணாமப் போகும்."

வியாழக்கிழமை மெழுகு அக்காவுடைய சீஸ் கட்டியிலேயே கை வைத்துவிட்டார்கள். கை என்ன கை, வாயே வைத்திருந்தார்கள். காலையில் புதிதாக வாங்கிய வெள்ளைக் கட்டி. பன்னிரண்டரைக்குப் பையைப் பிரித்தால் ஓரத்தில் ஒரு கடி. அதுவும் கடித்து எடுக்கவில்லை. கடித்து, இழுக்க முடியாமல் பாதியில் விட்டிருந்தது. மேல் பல் ஆறும் சீஸில் பளிச்சென்று பதிந்து கிடந்தன.

வேறு ஆபீஸாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு கூச்சல் போட்டு, கட்டியைக் குப்பையில் எறிந்திருப்பார்கள். மெழுகு அக்கா கூச்சல் போடவில்லை. கட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கமுக்கமாகப் பிளாஸ்டர் அறைக்குப் போனாள். பிளாஸ்டர் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். ஒரு கிண்ணம் மாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, குமிழ் விழாமல் தட்டித் தட்டிக் கடித்த பள்ளத்தில் ஊற்றினாள். முக்கால் மணி நேரத்தில் இறுகியது. சீஸை உரித்து எடுத்து, பழைய பிரஷ்ஷால் கழுவி விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

திருப்பி, இன்னொரு தடவை பார்த்தாள்.

அது யாருடைய சொந்தப் பல்லும் இல்லை. செட்டுப் பல். கடவுள் வைத்த பல்லில் தேய்மானம் இருக்கும், உடைசல் இருக்கும். இது அட்டையில் ஆறாக வருகிற, கடையில் வாங்குகிற பல். அது கூடப் பரவாயில்லை. வலது பக்கம் இரண்டாவது பல் ஒரு மயிரிழை உள்ளே திரும்பியிருந்தது. எல்லாப் பல்லும் சிப்பாய் மாதிரி நின்றால் பொய்ப் பல் என்று தெரிந்துவிடும் என்பதற்காக மெழுகு அக்கா வைக்கிற திருப்பம் அது. லேபில் வேறு யாரும் அப்படி வைப்பதில்லை. அவள் சீஸைக் கடித்தது அவள் செய்த பல்!

பழைய சீட்டுகளைப் புரட்டினாள். இந்த அளவில் இந்த வருடம் அடுக்கியது மேல்தாடை முழு செட் ஒன்றே ஒன்றுதான். நம்பர் இருநூற்றுப் பதினான்கு. ஊரின் மறுகோடி டாக்டர் அனுப்பியது. பெயர் எழுதும் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் கிழித்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் அவளே அடுக்கி, அழகாக வந்திருக்கிறது என்று தனக்குள் மெச்சிக்கொண்ட செட். அந்த வாய் இந்தக் கட்டிடத்துக்குள்ளேயே நடமாடுகிறது, யார் என்று தெரியவில்லை.

அப்புறம் அவளுக்கு வேலை ஓடவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக மேஜையை விட்டுத் தலையைத் தூக்கி மனிதர்களின் வாயைப் பார்த்தாள். பிளாஸ்டர் அண்ணன் கொட்டாவி விட்டால் எட்டிப் பார்த்தாள். மேனேஜர் சிரித்தால் அவரை இன்னும் சிரிக்க வைக்கப் பார்த்தாள். ஆப்பிள் கடிக்கிற ஷேடு சார் பக்கம் பார்க்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"என்னக்கா, என் மூஞ்சில ஏதாவது ஒட்டியிருக்கா?" என்றார் பாலீஷ்காரர்.

"ஒண்ணுமில்ல. நீங்க பேசுங்க."

அவர் பேசினார். கீழ்ப்பல் இரண்டு சொத்தை, மேலே எல்லாம் அவருடையதுதான். துடைக்கிற பெண் வாளியோடு கடந்து போகும்போது, "அக்கா, காலைத் தூக்குங்க" என்று சொல்லிச் சிரித்தாள். மேல் வரிசையில் நடுவே சந்து. அந்த இடைவெளியை ஆறு வாரமாகத் தினம் பார்த்திருக்க வேண்டியது. பார்க்கவில்லை. மெழுகு அக்காவுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

சாயங்காலம் மறுபடியும் மேனேஜரிடம் போனாள். "சார், அந்தப் பொண்ணு விஷயம், கொஞ்சம் பொறுங்களேன்."

"நீதானே சொன்ன? கண்ணால பாத்தேன்னு சொன்ன. இப்ப என்ன?"

அச்சு பைக்குள்தான் இருந்தது. அதை எடுத்து நீட்டினால் நேற்று சொன்னது அபாண்டம் என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். "இல்ல, சும்மாதான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். வீட்டில் தட்டை அப்படியே மூடி வைத்தாள். ஆறு வாரத்தில் அந்தப் பெண் தன் இரண்டு பிள்ளைகளைப் பற்றி, ஸ்கூல் ஷூவைப் பற்றி, எத்தனையோ சொல்லியிருக்கிறாள். எல்லாம் அன்றைக்குத்தான் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேனேஜர் எல்லாரையும் சாப்பாட்டு மேஜைக்குக் கூப்பிட்டார். துடைக்கிற பெண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து ஓரமாக நின்றாள். மேனேஜர் கையில் ஒரு கவர் இருந்தது.

"இங்க பாரும்மா. நான் போலீஸ் அது இதுன்னு போகல. சாவியைக் குடுத்துட்டு..."

"எதுக்கு சார்?"

"பிரிட்ஜ்ல நடக்கறது உனக்குத் தெரியாதா?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "சார், நான் எடுக்கல சார். என் பிள்ளைங்க மேல சத்தியமா எடுக்கல."

மெழுகு அக்கா அச்சை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள். "அந்தப் பொண்ணு இல்ல சார். நேத்து என் சீஸைக் கடிச்ச பல்லு இது."

அந்த மேஜையில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பிளாஸ்டர் அண்ணன் எடுத்து ஒரு திருப்புத் திருப்பினார். "இது செட்டுல்ல?"

"செட்டேதான்," என்றார் பாலீஷ்காரர். "அதுவும் அக்கா கை. ரெண்டாம் பல்லைப் பாருங்க. அக்கா, யாருக்குப் பண்ணின செட்டு இது?"

"இருநூத்திப் பதினாலு. பேரு போடல."

எல்லாரும் எல்லாருடைய வாயையும் பார்த்தார்கள். ஐந்து வாயும் இறுக மூடிக்கொண்டன. அந்தப் பெண் ஒருத்திதான், பயத்தில், வாயைத் திறந்தபடி நின்றாள்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஷேடு சார் எழுந்தார். பையிலிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்து மேஜையில் விரித்தார். வாய்க்குள் கட்டைவிரலை விட்டு, ஒரு சின்னச் சத்தத்தோடு மேல் வரிசையைக் கழற்றி, அச்சுக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் முகம் சட்டென்று இறங்கிப்போய் வேறு யாரோ மாதிரி ஆனது.

"ஈறு நோய்," என்றார். வார்த்தை பாதி காற்றாகத்தான் வந்தது. "எல்லாம் ஆடிப்போச்சு. லீவு போட்டுப் பிடுங்கிட்டேன். தயிரும் கிழங்குமா நானே கொண்டுவந்தா, 'என்ன சார், பல்லு போச்சா'ன்னு கேப்பீங்க. அதனால எப்பவும் போல ஆப்பிளே கொண்டுவந்தேன். அதைத் தின்ன முடியல. ரெண்டு மாசம் டீயிலயே ஓட்டினேன், இந்த வாரம் முடியல. பசி. பசி தாங்கலம்மா." மெழுகு அக்கா பக்கம் திரும்பினார். "சீஸை மட்டும் பசிக்காகக் கடிக்கல. கடிக்க முடியுதான்னு பாத்தேன். உன் பல்லு மேல குத்தம் இல்ல, எனக்குத்தான் இன்னும் பழகல. வேற யார் அடுக்கினதையும் வாயில வைக்க எனக்கு மனசு வரல. அதனாலதான் பேரைப் போடாம இங்கயே அனுப்பச் சொன்னேன்."

துடைக்கிற பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டார். "உன்னை அனுப்பப்போறதா மேனேஜர் நேத்தே எங்கிட்ட சொன்னாரு. வாயைத் திறக்க வெக்கமா இருந்தது. மன்னிச்சுக்கம்மா."

அவள் அவசரமாக, "சாப்பிடுங்க சார், பசிச்சா சாப்பிட வேண்டியதுதானே" என்றாள். மேனேஜர் கவரை மெதுவாகப் பைக்குள் வைத்தார். விஷயம் முடிந்துவிட்ட மாதிரி எல்லாரும் நாற்காலியைத் தள்ளினார்கள்.

"சார்," என்றாள் அந்தப் பெண். "என் பேரை முதல்ல சொன்னது யாரு?"

மேனேஜர் கூரையைப் பார்த்தார். "அதெல்லாம் எதுக்கும்மா இப்போ? யாரோ சொன்னாங்க, விடு."

விட்டிருக்கலாம். மேனேஜர் சொல்ல மாட்டார், மற்றவர்களுக்குத் தெரியாது. அச்சைக் கொண்டுவந்து காப்பாற்றியது மெழுகு அக்கா என்றுதான் அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன் நன்றியோடு ஒரு பார்வை கூடப் பார்த்தாள். அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை வருடம் அவள் முன்னால் காலைத் தூக்கி உட்காருவது? எதிரே ஷேடு சார் பல்லில்லாத வாயோடு நின்றுகொண்டிருந்தார்.

"நான்தான்," என்றாள் மெழுகு அக்கா. "நான்தான் சொன்னேன். நீ பிரிட்ஜைத் துடைச்சுக்கிட்டிருந்த. எனக்குத் தெரிஞ்சும் சொன்னேன்."

அந்தப் பெண் அவளை நிதானமாகப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. ஓரத்தில் வைத்திருந்த ஈரத்துணியை எடுத்துப் பிழிந்து, மடித்து, மெழுகு அக்கா முன்னால் மேஜையில் வைத்தாள்.

"இனிமே உங்க டேபிளை நீங்களே துடைச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

மெழுகு அக்கா அந்தத் துணியை எடுத்துக்கொண்டு தன் மேஜைக்குப் போய்த் துடைக்க ஆரம்பித்தாள். மெழுகுப் பிசிறு சுலபத்தில் வரவில்லை.