திரும்பி வரும் எண்ணம்

மெக்சிகோவில், அஹிஹிக் என்கிற இந்த ஊரில் மழைக்காலம் முடியப்போகிற நேரத்தில், தேர்தல் வருகிற வருடங்களில், சதுக்கத்துக்குப் பக்கத்துக் காப்பிக் கடை முற்றத்தில் நான் ஒரு மேசை போட்டு உட்கார்வேன். மேசைமேல் ஒரு அட்டை நிற்கும்: 'அமெரிக்கக் குடிமக்களா? இங்கிருந்தே ஊரில் ஓட்டுப் போட உதவி.' சப்பாலா ஏரிக்கரையில் எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். ஓய்வூதியம் ஊரில் கட்டுப்படியாகாமல் வந்தவர்கள், குளிருக்குப் பயந்து வந்தவர்கள், பெண்டாட்டிக்குப் பயந்து வந்தவர்கள். எல்லாரும் அரசாங்கத்தை வாய் ஓயாமல் திட்டுவார்கள். படிவத்தை நீட்டினால் மட்டும் மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டோம் என்பார்கள்.

"கடைசியா ஊர்ல எங்க குடியிருந்தீங்களோ அந்த விலாசத்த எழுதுங்க, மெர்ல்."

"அந்த வீட்ட இடிச்சுட்டு காரு கழுவுற எடம் கட்டிட்டாங்களே, வில்லா."

"பரவால்ல. அதான் உங்க விலாசம்."

"அப்ப நான் காரு கழுவுற எடத்துலேருந்து ஓட்டுப் போடறேனா?"

"ஆமா. சுத்தமா போடுங்க."

அன்றைக்கு நெட்டா புல்லார்ட் ஓட்டுக்காக வரவில்லை. மழைக்கு ஒதுங்க வந்தாள். காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஈரப் பையை மடியில் வைத்துக்கொண்டு, தெருவில் ஓடிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெட்டா டன்மோர் மாவட்டத்துக்காரி. சோளக்காட்டைத் தவிர வேறொன்றும் கிடையாத ஊர். அங்கே பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். ஒரே மகன் கோல்பி அங்கேயே தங்கி, தானியம் உலர்த்தும் எந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய், தினமும் ஊசி போட்டாக வேண்டும். அந்த மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, லைசென்ஸ் காலாவதியான பிறகும் வண்டி ஓட்டினான் என்று போலீஸ் பிடித்து, நீதிமன்றம் திறக்கிறவரை மாவட்டச் சிறையில் அடைத்து வைத்தது. ஊசி மருந்து கொடுக்க ஆளில்லை. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தபோது உயிர் இல்லை. 'இயற்கை மரணம்' என்று எழுதி மூடினார்கள். ஷெரிஃப் ராய்ஸ் ஹப்பெல், மாவட்டப் போலீசுக்கும் சிறைக்கும் ஓட்டில் ஜெயித்து வந்த தலைவர் அவர்தான், தன் ஆட்கள் விதிப்படி நடந்துகொண்டதாகப் பத்திரிகையில் சொன்னார்.

நெட்டா போனாள், புதைத்தாள், திரும்பி வந்தாள். வந்த பிறகு அவள் அழுது யாரும் பார்க்கவில்லை. சந்தைக்குப் போனாள், தக்காளி வாங்கினாள், எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்றாள். பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு விலகாமலே நின்றுபோன மாதிரி இருந்தாள். பேசுவாள், சாப்பிடுவாள், முகம் மட்டும் அவளுடையதாக இருக்காது.

சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று ஒரு படிவத்தை அவள் முன்னால் தள்ளினேன்.

"எதுக்கு?"

"மழை விடற வரைக்கும் கைக்கு ஒரு வேலை."

பெயர், பிறந்த தேதி, டன்மோர் விலாசம் எல்லாம் எழுதினாள். ஒரு கேள்வியில் பேனா நின்றது. வெளிநாட்டில் வசிக்கிற நீங்கள் நாட்டுக்குத் திரும்பும் எண்ணம் உள்ளவரா, அல்லது திரும்புவது நிச்சயமில்லையா?

"எண்ணம்னு கேக்கறான்," என்றாள்.

"ஆமா."

"எனக்கு எந்த எண்ணமும் இல்ல, வில்லா. இதுக்குன்னு இல்ல, எதுக்குமே இல்ல."

நிச்சயமில்லை என்ற கட்டத்தில் குறி போட்டாள். மழை விட்டதும் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஓட்டுச்சீட்டு மின்னஞ்சலில் வந்தது. எழுதுபொருள் கடையில் அச்செடுத்து அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சாப்பாட்டு மேசையில் வைத்து நெட்டா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜனாதிபதி, செனட்டர், காங்கிரஸ் உறுப்பினர். மூன்றே மூன்று பதவிகள். பின்பக்கம் வெறும் வெள்ளை.

"ஷெரிஃப் எங்க?"

மார்ச்சுக்குப் பிறகு, பதில் தெரிய வேண்டும் என்று அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றியது. விலை கேட்பதெல்லாம் கணக்கில் இல்லை.

"திரும்பறது நிச்சயமில்லன்னு போட்டல்ல? உங்க மாநிலத்துல அப்படிப் போட்டா நாட்டு அளவுப் பதவிக்கான சீட்டுதான் அனுப்புவான். மாவட்டப் பதவிக்கானது கிடையாது. ஊருக்கு வரப்போறவங்களுக்குத்தான் ஊர்ப் பதவி."

"நான் வரமாட்டேன்னு சொல்லலியே."

"வருவேன்னும் சொல்லலியே, கண்ணு."

அவள் சீட்டை மறுபடி வெள்ளைப் பக்கத்துக்குத் திருப்பினாள்.

"வர்றேன்னு போட்டா அது பொய்யா?"

"தேதி கேக்கல. டிக்கெட் கேக்கல. மனசுல இருக்கான்னுதான் கேக்கறான். அது உனக்குத்தான் தெரியும்."

"எனக்குத் தெரியல."

"தெரியலன்னா விட்டுடு. இத நிரப்பி அனுப்பிடலாம்."

"இன்னொரு படிவம் வச்சிருக்கியா?" என்றாள்.

கையில் இருந்தது. திரும்பும் எண்ணம் உண்டு என்ற கட்டத்தில், பேனா காகிதத்தைக் கிழித்துவிடும்போல அழுத்திக் குறி போட்டாள். அதுவரை அவள் கை எதையும் அப்படி அழுத்திப் பிடித்து நான் பார்க்கவில்லை.

அடுத்து வந்த சீட்டு நீளமானது. நீதிபதிகள், பள்ளிக் குழு, வடிகால் வாரியம், நடுவில் ஷெரிஃப். இரண்டு பெயர்கள். ராய்ஸ் ஹப்பெல். எதிர்த்து நிற்பவன் வேட் டென்னிக்.

டென்னிக் யாரென்று நெட்டாவுக்குத் தெரியும். கோல்பி அடைபட்டிருந்த அந்த வார இறுதியில் சிறையில் காவல் இருந்தவன் அவன். பிறகு வேலையை விட்டுவிட்டு, ஹப்பெலை எதிர்த்து நிற்கிறேன் என்று அறிவித்தவன். எங்கிருந்தோ எண்ணைத் தேடிப்பிடித்து, சீட்டு வந்த வாரமே நெட்டாவைக் கூப்பிட்டான்.

நான் அங்கேதான் இருந்தேன். பக்கத்து வீட்டு சாயோவும் இருந்தாள். மூன்று பேரும் சமையலுக்குக் கள்ளி மட்டையில் முள் சீவிக்கொண்டிருந்தோம். நெட்டாவின் கையெல்லாம் பிசின். குனிந்து மூக்கால் தட்டி, கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மேடம், நான் வேட் டென்னிக். நீங்க என்னோட பேச விரும்பலன்னா வச்சிடறேன்."

"பேசு."

"ஓட்டுக் கேக்கக் கூப்பிடல மேடம்."

"தேர்தலுக்கு முந்தின மாசம் வேற எதுக்குக் கூப்பிடுவ?"

"தெரியல மேடம்," என்றான். குரலை வைத்துப் பார்த்தால் சின்னப் பையன்தான். "நர்ஸ் திங்கக்கெழமதான் வருவாங்கன்னு எங்ககிட்ட சொல்லியிருந்தாங்க. நான் மேல சொன்னேன். ஆம்புலன்ஸ் கூப்பிடவான்னு கேட்டேன். நடிக்கிறான், விடுன்னாங்க. நான் விட்டுட்டேன்."

நெட்டா முள் சீவுவதை நிறுத்தவில்லை.

"என்ன கேட்டான் அவன்?"

"மேடம்?"

"கோல்பி. உங்கிட்ட என்ன கேட்டான்?"

"தண்ணி கேட்டான். திரும்பத் திரும்பத் தண்ணிதான் கேட்டான்."

"கொடுத்தியா?"

"கொடுத்தேன். கேட்டப்பல்லாம் கொடுத்தேன்."

"சரி," என்று சொல்லிப் பிசின் விரலாலேயே பேச்சைத் துண்டித்தாள்.

சாயோவுக்கு எங்கள் மொழி தெரியாது. "யாரும்மா?" என்று ஸ்பானிஷில் கேட்டாள்.

"ஊர்லேருந்து."

"நல்ல சேதியா?"

நெட்டா யோசித்தாள். "தண்ணி கொடுத்தாங்களாம்," என்று அவள் மொழியில் சொன்னாள். சாயோ தலையாட்டிவிட்டு அடுத்த மட்டையை எடுத்தாள். எனக்கு அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் போனபோது சீட்டு மடித்து, உறையில் போட்டு, ஒட்டி, மேல் கையெழுத்துப் போட்டுத் தயாராக இருந்தது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்பது எங்கள் மேசை வழக்கமில்லை. அவளாகவே சொன்னாள், காப்பி ஊற்றிக்கொண்டே.

"அந்தப் பையனுக்குத்தான் போட்டேன்."

"டென்னிக்குக்கா? நெட்டா, அவனும்தானே அங்க..."

"இருந்தான். வேற யாரு இருந்தா? நான் இங்க ஏரிக்கரையில இருந்தேன். ஹப்பெல் வீட்ல இருந்திருப்பான். கேட்டப்போ கொடுக்க அவன் ஒருத்தன்தான் இருந்தான்." சர்க்கரையைக் கலக்கினாள். "அவன மன்னிச்சுட்டேன்னு எழுதி வச்சுக்காத. ரெண்டு பேருதான் சீட்டுல இருந்தாங்க."

இங்கத்துத் தபாலை நம்பி ஓட்டுச்சீட்டை யாரும் போடமாட்டோம். ஊருக்குப் பறக்கிற யாராவது எடுத்துப்போய் அங்கே பெட்டியில் போடுவார்கள். அந்த முறை மெர்ல் கண்ணில் புரை எடுக்க சான் அன்டோனியோ போனார். உறைகளை எல்லாம் சட்டைக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டார்.

"விமானம் விழுந்தா என்ன செய்வீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஜனநாயகத்தோட சாவேன். ஒத்தக் கண்ணோட."

எல்லாரும் சிரித்தோம். நெட்டாவும் உதட்டை அசைத்தாள்.

அக்டோபர் கடைசியில், நானும் அவளும் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. டன்மோர் எண். துணிக்கிளிப்பை வாயில் கவ்வியபடியே எடுத்தாள்.

"டன்மோர் மாவட்டத் தேர்தல் அலுவலகத்துலேருந்து பேசறேன்," என்று ஒரு பெண் குரல் ஒப்பித்தது. "வாக்காளர் நெட்டா புல்லார்ட் இருக்காங்களா?"

"நான்தான்."

"உங்க தபால் ஓட்டு வந்து சேர்ந்துடுச்சு. உறை மேல இருக்கற கையெழுத்தும், எங்ககிட்ட பதிவுல இருக்கற கையெழுத்தும் பொருந்தல. அது நீங்க போட்டதுதானான்னு உறுதி செய்யணும். இல்லன்னா ஓட்ட எண்ண முடியாது. உங்க பிறந்த தேதி சொல்லுங்க."

சொன்னாள். பழைய விலாசத்தையும் சொன்னாள்.

"கையெழுத்து மாறினதுக்கு ஏதாவது காரணம் உண்டா? உடம்பு சரியில்லாம, கை அடிபட்டு..."

"காரணம் இருக்கு," என்றாள் நெட்டா.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். பிறகு ஒப்பிக்கிற குரல் நின்று வேறொரு குரல் வந்தது. "மிஸ் நெட்டா, நான் டார்லா. டார்லா ஃபென்ஸ்கி. உங்க பஸ்ல முன்னாடி சீட்டுல உக்காருவேனே. வாந்தி எடுப்பேனே."

"பாலத்துத் திருப்பத்துல," என்றாள் நெட்டா.

"ஆமா. ஒரு தடவ உங்க செருப்பு மேல எடுத்துட்டேன். நீங்க திட்டவே இல்ல." குரல் நடுங்கத் தொடங்கியது. "நாங்க யாருமே உங்களக் கூப்பிடல. நான் கூப்பிடணும்னு நெனச்சேன். என்ன சொல்றதுன்னு தெரியல. இந்த வேலைல இருந்துக்கிட்டு... அப்பா வேண்டாம்னாரு. கோல்பி எங்க ஹீட்டர சரி பண்ணிக் கொடுத்தான், டிசம்பர்ல. இப்ப உங்க உறை என் மேசைக்கு வந்துச்சு. கையெழுத்து ஒத்துப்போகலன்னு நான்தான் சொல்லணும்னு..." அப்புறம் வார்த்தை இல்லை. அழுகை மட்டும். அரசாங்க அலுவலகத்தில், வேலை நேரத்தில், ஒரு பெண் தேம்பி அழுகிற சத்தம் எங்கள் மாடி முழுக்கக் கேட்டது.

நெட்டா வாயிலிருந்து கிளிப்பை எடுத்தாள்.

"டார்லா."

அழுகை நிற்கவில்லை.

"டார்லா, அழாதம்மா. மூச்ச இழுத்து விடு. ஜன்னல் பக்கத்துல உக்காந்திருக்கியா? ஜன்னலத் திற. இன்னொரு தடவ இழு. சரியாப்போகும்."

பஸ்ஸில் வாந்தி எடுத்த பிள்ளையிடம் பேசுகிற குரல். அவள் கண்கள் காய்ந்தே இருந்தன. நான் ஈரப் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு யாரும் இந்த வார்த்தைகளைச் சொல்லவில்லை. சொல்லிப் பார்க்க நானாவது முயன்றிருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அவள் அழுதால்தானே சொல்ல முடியும்.

"இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள், அழுகை அடங்கிய பிறகு.

"ஒரு உறுதிமொழித் தாள் அனுப்பறேன். கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து அனுப்பினா போதும்."

அன்று மாலையே அனுப்பினாள். கீழே போட்ட கையெழுத்து சிறிசாக, ஒரு பக்கம் சாய்ந்து இருந்தது. ஓட்டு ஏற்கப்பட்டது என்று மறுநாள் செய்தி வந்தது.

ஹப்பெல் ஜெயித்தார். கொஞ்சநஞ்ச வித்தியாசம் இல்லை, இரண்டு மடங்கு. நெட்டாவின் ஓட்டும், மெர்ல் வயிற்றில் கட்டிப்போன எல்லா ஓட்டும் சேர்ந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. நான் விடிந்ததும் போய்ச் சொன்னேன். அவள் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்," என்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அந்த ஊர எனக்குத் தெரியும்."

எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். உப்பு போட மறந்திருந்தாள். நான் சொல்லவில்லை, அவளும் கவனிக்கவில்லை. இருவரும் சாப்பிட்டு முடித்தோம். டென்னிக்கிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது, மன்னிச்சிடுங்க மேடம் என்று. பார்த்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

தட்டுகளைக் கழுவிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மறுபடி கைபேசியை எடுத்தாள். "அங்க ஆபீஸ் தெறந்திருப்பாங்களா இந்நேரம்?"

"எந்த ஆபீஸ்?"

"அந்தப் பொண்ணு அன்னைக்கு ரொம்ப அழுதாளே. அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியல."

எண்ணை அழுத்தினாள். நெடுநேரம் அடித்தது. தேர்தல் முடிந்த மறுநாள், எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கடைசியில், சேதி சொல்லுங்கள் என்று எந்திரம் சொன்னது. நெட்டா தொண்டையைச் செருமினாள்.

"டார்லா, நான் நெட்டா. ஓட்டு விஷயமா இல்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."

வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். எந்திரம் தானாகவே துண்டிக்கும் வரை அவள் காதிலிருந்து அதை எடுக்கவில்லை.