ஒரு தட்டு வெங்காயம்

டஸ்டி என்கிற நாயை நான் காப்பாற்றியதாக ஆஸ்திரேலியாவில் எங்கள் விம்மெரா பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். சுத்தப் பொய். பக்கத்து வீட்டு டெஸ் அதை இரண்டு வருடமாகக் கொல்லையில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தான். எலும்பும் தோலுமாக நின்று ராப்பகலாகக் குரைத்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. அந்த எரிச்சலில்தான் விலங்குக் காப்பகத்து லொரெய்னுக்கு போன் போட்டுக் கத்தினேன். அவள் வந்து, காய்ந்து கிடந்த தண்ணீர்க் கிண்ணத்தைப் படம் பிடித்து, டெஸ்ஸிடம் கையெழுத்து வாங்கி நாயைக் கொண்டு போனாள். காப்பகத்தில் இடமில்லை என்று ஒரே வாரத்தில் என் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"உன்ன மாதிரி மனசு யாருக்கு வரும் மெர்வ்?" என்றாள். நாயை வாங்கிக்கொண்டேன். அந்தப் பாழாய்ப்போன கெல்பி நாய் என் காலடியிலேயே படுத்துக்கொண்டது. ஒரு மாதத்தில் அது பக்கத்தில் இல்லாமல் எனக்கு டீ இறங்கவில்லை.

சனிக்கிழமை காப்பகத்துப் பிராணிகளின் வைத்தியச் செலவுக்காக ஹார்டுவேர் கடை வாசலில் சாசேஜ் சுட்டு, வதக்கிய வெங்காயத்தோடு ரொட்டியில் வைத்து விற்றோம். வெங்காயம் என் பொறுப்பு. இருபது வருடமாக ஊரில் எந்தக் காரியத்துக்கும் வெங்காயம் வதக்குவது நான்தான். வேறு எவனாவது கரண்டியைத் தொட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். லொரெய்ன் டஸ்டியின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டி, உண்டியலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். வந்தவர்களெல்லாம் அதைத் தடவிவிட்டு என் முதுகில் தட்டினார்கள். டெஸ்ஸும் வந்து வாங்கினான். யாரும் அவனோடு பேசவில்லை. எதிர் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து தின்றான்.

கடையைக் கட்டும்போது ஒரு தட்டு நிறைய வெங்காயம் மிச்சம். "இந்தாடா ராசா, நீயும்தான் உழைச்சிருக்க" என்று டஸ்டி முன்னால் வைத்தேன். வழித்து நக்கியது.

செவ்வாய்க்கிழமை காலையில் அதற்குக் கால் தள்ளாடியது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. ஒன்பது மணிக்கு டாக்டரம்மாவின் மேசையில் கிடத்தினேன். லொரெய்னும் ஓடி வந்தாள். டாக்டர் டஸ்டியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வெளுத்துக் கிடந்தது.

"ரத்தம் குறைஞ்சுக்கிட்டே போகுது. எலி மருந்தா இருக்கலாம். இல்ல, வெங்காயம், பூண்டு ஏதாச்சும் சாப்பிட்டுச்சா? நாய்க்கு அது விஷம். ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. ரத்தப் பரிசோதனை முடிவு நாளைக்குத்தான் வரும். அதுவரைக்கும் தாங்குமான்னு தெரியல."

விஷமா! நான் வாயைத் திறப்பதற்குள் லொரெய்ன் முந்திக்கொண்டாள்.

"மெர்வா குடுப்பான்? நல்லா கேட்டீங்க போங்க. இது அந்த டெஸ் வேலை. வேலிக்கு மேல எதையோ வீசியிருக்கான்."

டாக்டர் என்னையே பார்த்தார்.

"எதுவும் குடுக்கல டாக்டர்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம். மூன்று நாளைக்கு முன்னால் முதுகில் தட்டிய ஊர், டெஸ்ஸைப் பார்க்கிற மாதிரி என்னையும் பார்க்குமே என்ற பயம். டாக்டர் எலி மருந்துக்கு உண்டான ஊசியைப் போட்டார்.

"செலவை நிதியிலேர்ந்து எடுத்துக்கங்க. காப்பகத்துல இருக்கிற அந்தக் கால் ஒடிஞ்ச பூனைக்கு அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றாள் லொரெய்ன்.

ஆக, பூனைக்கும் என்னால் கேடு. வெளியே உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து கதவுவரை போவேன், திரும்பி வந்து உட்காருவேன். பன்னிரண்டு ஆயிற்று. இரண்டு ஆயிற்று. தூ, நானும் ஒரு மனுஷனா!

மூன்று மணிக்கு லொரெய்ன் போய் டெஸ்ஸையே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். சத்தம் கேட்டு டாக்டரும் வெளியே வந்தார்.

"சொல்லுடா, என்னத்த வீசின? பட்டினி போட்டது பத்தலையா உனக்கு?"

டெஸ் தொப்பியைக் கையில் கசக்கினான். "நான் ஒண்ணும் வீசல. இப்ப எப்படி இருக்கு அது?"

"நாடகம் ஆடாத! போலீசக் கூப்பிடவா?"

டெஸ் என்னைப் பார்த்தான். சனிக்கிழமை எதிர் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவன். ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். அவன் சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான்தான்" என்றேன். "வெங்காயம். சனிக்கிழமை. ஒரு தட்டு முழுக்க."

டாக்டர் உள்ளே ஓடினார். அவருடைய சொந்த லாப்ரடார் நாயிடமிருந்து ரத்தம் எடுத்து டஸ்டிக்கு ஏற்றினார்கள். ஆறு மணி சுமாருக்குக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பொழச்சுக்கும். மனச விடாதீங்க மெர்வ், வெங்காயம் ஆகாதுன்னு பாதிப் பேருக்குத் தெரியாது."

லொரெய்ன் என்னைக் கட்டிக்கொண்டாள். "அட லூசு, தெரியாம செஞ்சதுக்கா இப்படி அழற? காலையில பதட்டத்துல உனக்கு ஞாபகம் வந்திருக்காது."

நான் தலையை ஆட்டினேன். ஆமாம், அதற்கும் ஆட்டினேன்.

டெஸ் வாசற்படியில் உட்கார்ந்து சிகரெட் சுருட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீதான் பாத்தியே. ஏன்டா சொல்லல?"

"நான் சொன்னா எவன் நம்புவான்?" பற்றவைத்துக்கொண்டான். "கிண்ணத்துல தண்ணி இல்லன்னு எனக்குத் தெரியும் மெர்வ். தினமும் தெரியும். தெரிஞ்சுதான் கதவச் சாத்திக்குவேன். அதனாலதான் என்கிட்டேர்ந்து தூக்கிட்டுப் போனாங்க. நியாயம்தான்."

சாம்பலைப் படியில் தட்டினான்.

"காலையில ஒம்பது மணிலேர்ந்து உனக்கும் தெரியும். உன்கிட்டேர்ந்து யாருடா தூக்கிட்டுப் போறது?"

நான் எழுந்து உள்ளே போனேன். லொரெய்ன் வந்து என் தோளில் கை வைத்தாள். ஞாபகம் இருந்தது, ஒன்பது மணிக்கே இருந்தது என்று அவளிடம் சொன்னேன். அந்தக் கையை அவள் எடுத்துக்கொண்டாள்.