கவனிப்புப் பணம்

எதிர்வீட்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொள்ள டிரைவரம்மா பழகியிருந்தாள். மூத்திர நாற்றமும் ஊறிப்போன துணியின் வாடையும் ஒன்றாகக் கிளம்பி மாடிப்படி முழுக்க நிற்கும். டெப்போவுக்குப் போய், பஸ்ஸை எடுத்து, ஒரு டிரிப் அடித்து முடித்த பிறகும் மூக்கை விட்டுப் போகாது. அந்த வீட்டில் ஒரு பெரியவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள மருமகள் வேலையை விட்டுவிட்டாள் என்று சொல்லி, அரசாங்கம் தரும் கவனிப்புப் பணத்தை மகன் மாதாமாதம் வாங்கிக்கொண்டிருந்தான். மருமகளோ தினமும் காலையில் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு, கதவை வெறுமனே சாத்திவிட்டுத் துணிக்கடை வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.

ஒருநாள் உள்ளேயிருந்து "தண்ணி, தண்ணி" என்று குரல் கேட்டது. டிரைவரம்மா கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுத்துவிட்டு, நனைந்த விரிப்பை மாற்றலாம் என்று இழுத்தாள். விரிப்போடு முதுகுத்தோலும் கொஞ்சம் வந்தது. புண்ணைச் சுற்றி எறும்பு. அவர் ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை, "சாரிம்மா" என்றார். அவள் குளியலறைக்கு ஓடி, குடித்த டீயெல்லாம் வெளியே வரும்வரை வாந்தி எடுத்தாள். அன்றைக்கே நல அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

அலுவலகத்திலிருந்து வருவதற்குள் மாதம் ஒன்று ஓடிவிட்டது. அதுவும், என்றைக்கு வருகிறோம் என்று மகனுக்கே முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்தார்கள். அன்று மாடிப்படி முழுக்க பினாயில் மணத்தது. பெரியவருக்கு முகச்சவரம் செய்து, புதுச் சட்டை மாட்டி, தலையணையில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். ஆய்வாளரம்மா வாசலில் நின்றபடியே செல்போனில் படம் எடுத்தாள்.

"முதுகைத் திருப்பிப் பாருங்க மேடம்," என்றாள் டிரைவரம்மா.

"அதெல்லாம் டாக்டர் பாக்கணும். வீடு சுத்தமா இருக்கா, ஆளு இருக்காரா, அதுதான் எங்க வேலை. ஆமா, போன் பண்ணினது நீங்கதானே?"

எல்லார் காதிலும் விழுந்தது. ஆய்வாளரம்மா இறங்கிப் போனதும் மகன் பல்லைக் காட்டினான். "வந்தவங்களையும் கவனிச்சாச்சு, டிரைவரம்மா. உங்களுக்கும் ஏதாவது குறைன்னா வாயைத் திறந்து கேளுங்க, கவனிச்சுடலாம்."

காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. துப்பினால் தன் வாசலில்தான் விழும் என்று விழுங்கிக்கொண்டாள். மழைக்காலம் முடிவதற்குள் பெரியவர் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகும் பணம் வந்துகொண்டிருப்பதாக மகன் மாடிப்படியில் நின்று யாரிடமோ சொல்லிச் சிரித்தான்.

அந்தச் சமயத்தில்தான் கவனிப்புப் பணத்தைப் பாதியாக வெட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அதை எதிர்த்து மற்ற தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாராயின. டெப்போவிலும் கூட்டம் போட்டார்கள். "நாளைக்கு நம்ம வீட்லயும் ஒருத்தர் படுக்கலாம்," என்றார் சங்கச் செயலாளர். டிரைவரம்மாவின் சொந்தத்தில் ஏற்கெனவே ஒருத்தர் படுத்திருந்தார். அவளுடைய அக்காவின் புருஷன் மின்கம்பத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் ஆனவர். அக்கா வேலையை உண்மையாகவே விட்டுவிட்டு, அந்தப் பணத்தில்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பு வராமலில்லை. ஆனால் எழுந்து நின்றதும் வாயில் வந்தது வேறு.

"இந்தக் கையால அந்த முதுகைத் தொட்டேன். குடுக்குற ஆபீஸையும் நம்ப மாட்டேன், வாங்குற கூட்டத்தையும் நம்ப மாட்டேன். இதுக்காக ஒரு டிரிப்கூட நிறுத்த மாட்டேன்."

அவள் பொய் பேச மாட்டாள் என்று டெப்போவுக்கே தெரியும். அவள் சொல்லி முடித்ததும் ஆளுக்கு ஒரு கதை எடுத்துவிட்டார்கள்: நொண்டுவதாகப் பணம் வாங்கிக்கொண்டு கால்பந்து ஆடுகிறவன், செத்த மாமியார் பேரில் வாங்குகிறவள். வேலைநிறுத்தம் வேண்டாம் என்று முதல் ஆளாகக் கை தூக்கியவன், டெப்போ டீசலைக் கேனில் பிடித்து விற்கும் ஸ்டோர்கீப்பர். "திருட்டுப் பசங்களுக்கா நாம கொடி பிடிக்கணும்?" என்று அவள் தோளில் தட்டினான். அவன் எச்சில் டம்ளரில் வாய் வைத்துவிட்டது போல அவளுக்குக் குமட்டியது. ஆனாலும் வேண்டாம் என்று தானும் தூக்கியிருந்த கையை அவள் இறக்கவில்லை.

பஸ்கள் ஓடின. பணம் பாதியானது. கூடவே, ஏமாற்றுகிறவர்களைக் காட்டிக்கொடுக்க ஒரு போன் நம்பரும் வந்தது. அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, அவள் ஓட்டும் பஸ்ஸின் முதுகிலேயே ஒட்டினார்கள்.

அடுத்த வார விடுப்பில் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். தெருவைப் பார்த்த தரைத்தள வீடு. கதவு விரியத் திறந்திருந்தது. கட்டில் கூடத்துக்கு வந்திருந்தது. மாமாவின் இடுப்பில் ஒரு சின்னத் துண்டை மட்டும் போட்டு, அக்கா வெந்நீரில் உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது, கதவைச் சாத்தாம?"

"சாத்தாதே."

"தெருவே பாக்குதுக்கா."

"பாக்கட்டும். பாத்தாத்தான் நம்புவாங்க. சாத்தி வெச்சா, உள்ள கால் நீட்டிப் படுத்துக்கிட்டு காசு வாங்குறேன்னு எவளாவது போன் போட்டுருவா. பின்வீட்டுக்காரிக்கு அப்படித்தான் ஆச்சு." துணியைப் பிழிந்தாள். "மீட்டிங்ல நீ நல்லாப் பேசினியாமே."

"உன்னைச் சொல்லலக்கா. எல்லாரும் உன்னை மாதிரியா இருக்காங்க?"

"எனக்குத் தெரியும். தெருவுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. மாமாவின் கையைத் தூக்கி அக்குளைத் துடைத்தாள். விட்டதும் அது பொத்தென்று விழுந்தது. கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் டிரைவரம்மா தன்னையறியாமல் போய் நின்றுகொண்டாள். கூச்சத்தில் மாமா கண்ணை இறுக மூடியிருந்தார். இமை மட்டும் துடித்தது.

வெளியே, பையோடு போன ஒருத்தன் நடையைத் தளர்த்தி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"கொஞ்சம் நகரு," என்றாள் அக்கா, இடுப்புத் துண்டில் கை வைத்தபடி. "மறைக்கிற."