வலது பக்கத்து விளக்கு

"அக்கா, அன்னிக்கு சிக்னல் போட்டேன்னு ஹெக்டே சொன்னாரில்ல, ஞாபகம் இருக்கா?" என்று பாஸ்கு கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஞாபகமில்லாமல் எப்படிப் போகும்? இரண்டரை மாதமாக எங்கள் வீட்டில் வேறெதுவும் நடக்கவில்லை.

காரை விற்க ஏற்பாடு செய்தது நான்தான். சித்தாபுரத்து ஆள் ஒருவர் சனிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். ஓட்டாமல் கிடந்ததில் பேட்டரி செத்துவிட்டது. அதை மாற்றி, மற்றதெல்லாம் ஒருமுறை பார்த்துக் கொடுக்கச் சொல்லித்தான் சிர்சியில் பாஸ்குவின் கடைக்குக் காரைக் கட்டி இழுத்து வந்தோம். கார்களுக்கு வயரிங் வேலை பார்ப்பதில் அவனை விட்டால் இந்தப் பக்கம் ஆளில்லை. என் கணவர் ஹெக்டே கடைக்குள் வரவில்லை. எதிரே டீக்கடை வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை மாதத்தில் ஒரு மத்தியானம், இதைவிடப் பெரிய மழையில், சிர்சியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் ஊருக்குப் பிரியும் சாலை வலது கைப்பக்கம். அவர் வேகத்தைக் குறைத்துத் திருப்பினார். பின்னாலிருந்து முந்த வந்த பைக் அவர் பக்கத்துக் கதவில் மோதியது. விழுந்தது பீரா கௌடா. எங்கள் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் பாக்கு மரம் ஏறுகிறவர். ஒரு மரத்திலிருந்து இறங்காமலே அடுத்த மரத்துக்குத் தாவிப் போகிற மனிதர். அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. ஆட்டோவில் தூக்கி வைக்கும்போதும் அவர் ஒன்றைத்தான் சொன்னார்: "சிக்னல் போடலயே ஹெக்டே ஐயா." இவர் போட்டேன் என்றார். கூடியிருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பக்கத்து சீட்டில்தான் இருந்தேன். மடியில் அவிழ்ந்துபோன காய்கறிப் பையைக் குனிந்து கட்டிக்கொண்டிருந்தேன். எதையும் பார்க்கவில்லை. ஆனால் அந்த டிக் டிக் சத்தம் கேட்டதா என்று போலீஸ் ஸ்டேஷனில் கேட்டபோது, கேட்கவில்லை என்று சொன்னேன். கேட்கவில்லைதான். பொய் சொல்ல எனக்கு வராது. அவருக்கு வலது காது மந்தம், வைப்பர் வேறு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குக் கேட்காமல் இருந்திருக்கலாம். எனக்குக் காது நன்றாகவே கேட்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். திரும்பி வரும் வழியில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. ஒரு சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே போலீஸ்காரர்கள் விளக்குகளைப் போட்டுப் பார்த்தார்கள். நான்கும் எரிந்தன. அதோடு விஷயம் முடிந்துவிட்டது: ஹெக்டே மறந்துவிட்டார். சொசைட்டியில் பாக்கு ஏலத்துக்கு வருகிறவர்கள் வயசாகிவிட்டது பாவம் என்று பேசிக்கொண்டார்கள். பெங்களூரிலிருந்து மகள், அப்பா கையில் இனி சாவியைக் கொடுக்காதே என்றாள். என் கணவருடைய அண்ணன் சாவதற்கு முன் இரண்டு வருடம் சொந்த மனைவியைத் தங்கை என்று நினைத்து, உன் புருஷன் எப்போது வந்து கூட்டிப்போவான் என்று கேட்டுக்கொண்டிருந்தவர். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

இவர் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விபத்துக்குப் பிறகு காலையில் குளியலறைக்குள்ளிருந்து முணுமுணுப்புக் கேட்க ஆரம்பித்தது. முதலில் மந்திரம் என்று நினைத்தேன். கிளை அஞ்சலகங்களின் பெயர்களை வரிசையாக, பின்கோடு எண்களோடு ஒப்பித்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு ஊரில் தடுக்கும். நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். கையில் துண்டோடு கதவுக்கு வெளியே நின்று, அவர் அந்த ஊரைத் தாண்டிவிட வேண்டுமே என்று நான் வேண்டிக்கொள்வேன்.

இதெல்லாம் பாஸ்குவுக்குத் தெரியாது. அவன் புது பேட்டரியைப் பொருத்திவிட்டு, என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, நாலு விளக்கையும் ஒன்றாக மினுக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தச் சொன்னான். நாலும் மினுங்கின. "பல்பு நல்லா இருக்கு, வயர் நல்லா இருக்கு, மினுக்கி விடுற டப்பாவும் நல்லா இருக்கு. இப்ப வலது பக்கம் போடுங்க." ஸ்டியரிங் அருகில் இருந்த கம்பியைத் தள்ளினேன். கையில் டக்கென்று உட்கார்ந்தது. டிக் டிக் என்று கேட்டது. எடுத்துவிட்டு மறுபடி போடச் சொன்னான். கேட்டது. ஆறாவது தடவை, கையில் அதே டக். சத்தம் இல்லை. மீட்டர் பலகையில் பச்சை அம்பும் எரியவில்லை. கம்பி போட்ட நிலையில்தான் இருந்தது.

நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடி எரிந்துவிடுமோ என்று பயந்தேன். அப்படியே உட்கார்ந்து, தெருவைத் தாண்டிக் கேட்கும்படி கூப்பிட்டேன்: "ஏங்க, இங்க வாங்க. ஓடி வாங்க."

அவர் வந்து பார்த்தார். பாஸ்கு டெஸ்ட் லைட்டின் முனையை வயர்களில் வைத்துக் காட்டினான். சுவிட்சுக்குள் கரண்ட் போகிறது, வலது பக்கத்துக்கு வெளியே வரவில்லை. பிறகு பேட்டரி வயரை எடுத்துவிட்டு, ஸ்டியரிங் சக்கரம் இருந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, நடுவிலிருந்த நட்டைத் திருகி, சக்கரத்தை அசைத்து அசைத்து வெளியே எடுத்தான். அடி மூடியைப் பிரித்தான். சுவிட்சைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்து என் கணவரின் உள்ளங்கையில் வைத்தான். இடது பக்கத்துச் செம்புத் தகடு பளிச்சென்று இருந்தது. வலது பக்கத்துத் தகடு கரிந்து, குழி விழுந்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது.

"இன்னிக்கு நேத்து கருகினதில்ல ஐயா, ரொம்ப நாளா இப்படித்தான். ஒரு தடவை ஒட்டும், ஒரு தடவை ஒட்டாது. ஈரக் காத்துன்னா சுத்தமா ஒட்டாது," என்றான் பாஸ்கு. "நீங்க போட்டிருக்கீங்க. இதுதான் போடல."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப நீயும் சரியாத்தான் சொல்லியிருக்கே," என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டரை மாதம், நான் சொன்னது என்னை உறுத்தக் கூடாது என்பதற்காகத்தான் அவர் பேசாமல் இருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. சத்தம் எனக்குக் கேட்டிருந்தும் மறைத்துவிட்டேன் என்று அவர் ஒருநாளும் நினைக்கவில்லை. நான் சொன்னதை நம்பியதால்தான் தன் புத்தியைச் சந்தேகித்திருக்கிறார்.

புது சுவிட்ச் மறுநாள் ஹுப்பள்ளி பஸ்ஸில் வந்தது. நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பாஸ்கு அதைப் பொருத்தி, சக்கரத்தைச் சாக்பீஸ் கோட்டுக்கு நேராக உட்காரவைத்து, முப்பது தடவையாவது போட்டுப் போட்டு எடுத்தான். பழையதை வீசப் போனவனிடமிருந்து என் கணவர் அதை வாங்கிக் காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டார். சாவியை நான் நீட்டினேன். அவர் வாங்கத் தயங்கினார். "எனக்கு ஓட்டத் தெரியாதுங்க, பஸ்ஸும் போயிடுச்சு," என்றேன்.

வீட்டுக்கு ஓட்டவில்லை. நேராக பீராவின் வீட்டுக்குப் போனார்.

பீரா கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி, பாளைக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முகம் இறுகியது. என் கணவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காகிதத்தைப் பிரித்து, கரிந்த தகட்டை விரலால் தொட்டுக் காட்டி, பாஸ்கு சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். கடைசியில், "நீ சொன்னது உண்மை பீரா. விளக்கு எரியல. நாளைக்கு சொசைட்டியில எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்," என்றார்.

பீரா சுவிட்சை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய மனைவி துர்கி எங்களுக்குக் குடிக்கக் கஷாயம் கொண்டுவந்தவள் அப்படியே நின்றாள். அவள்தான் சொன்னாள், பீரா குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஊரில் பேசியதையும், குடியை விட்டு ஒன்பது வருஷமான மனிதர் அதற்குப் பிறகு யார் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை என்பதையும்.

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சு ஹெக்டே ஐயா," என்றார் பீரா. "எரிஞ்சிருக்குமோ, மழையில நான்தான் பார்க்கலயோன்னு. கண்ணு போச்சுன்னா மரத்துல எப்படி ஏறுவேன்?" பிறகு சுவிட்சைத் திருப்பிக் கொடுத்தார். "இத்தனூண்டு தகடு, நம்ம ரெண்டு பேரையும் கிறுக்கனாக்கிடுச்சே."

என் கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன். கஷாயம் குடித்தோம். கிளம்பும்போது பீரா, வியாழக்கிழமை சிர்சிக்குக் கால் பயிற்சிக்குப் போக வேண்டும், பஸ் படியில் காலை வைக்க முடியவில்லை என்று மனைவியிடம் சொல்வதுபோலச் சொன்னார். எத்தனை மணிக்கு என்று கேட்டார் இவர். அன்று இரவே நான் சித்தாபுரத்துக்காரருக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை பீரா முன் சீட்டில் உட்கார்ந்தார். சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளியதில் பின்னால் எனக்கும் துர்கிக்கும் முழங்கால் வைக்க இடமில்லை. தோட்டங்கள் தொடங்கியதும் அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். மழை உள்ளே அடித்தது. யாரும் மூடச் சொல்லவில்லை. நவம்பரில் காய் இறக்க வேண்டும், அதற்குள் கால் கேட்குமோ கேட்காதோ, ஆனால் எந்தத் தோட்டத்தில் எத்தனை குலை என்று அவருக்கு இப்போதே தெரிய வேண்டும். தலையை வெளியே நீட்டி மர உச்சிகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு திருப்பத்துக்குப் பக்கத்தில் கையை நீளமாக வெளியே நீட்டி, "அதோ பாருங்க, அந்த மூணாவது மரம்," என்றார். பின்னால் வந்த பஸ், நாங்கள் இடது பக்கம் திரும்பப் போகிறோம் என்று நினைத்து வேகத்தைக் குறைத்துக்கொண்டது. மழையில் நனைந்த அந்தக் கை உள்ளே வரும்வரை பொறுமையாக எங்கள் பின்னாலேயே வந்தது.