மியூவானுக்கு மட்டும் ஏன் அவ்வளவு கனம்?

கடலூரில் பஸ் ஏறியதிலிருந்து எழிலரசிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எப்படிக் கொள்ளும்? இன்று சிதம்பரத்தில் அவளுக்கு வைவா, இயற்பியல் ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு. வெளியூர்ப் பேராசிரியர் வந்து, ஊரறியக் கேள்வி கேட்டு, சரி என்று தலையாட்டினால்தான் டாக்டர் பட்டம்.

"டேய், கேள்விய இன்னொருவாட்டி சொல்லு," என்று பக்கத்திலிருந்த தம்பி சார்லஸை இடித்தாள்.

"ஹிக்ஸ் புலம் துகளுக்கு எப்படி நிறை குடுக்குது? போதுமாக்கா? தூக்கத்துல எழுப்பினாக்கூட சொல்லுவேன்."

வைவாவில் வந்தவர்கள் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒருத்தரும் கேட்காவிட்டால் அசிங்கமென்று, நம்ம ஆளை விட்டு நாமே கேட்கவைப்பது அங்கே வழக்கம். அவள் ஆய்வுக்கு வழிகாட்டிய கைடு கலியமூர்த்தி இன்னொன்றும் சொல்லிவைத்திருந்தார்: "தெரியாதுன்ற வார்த்த மட்டும் வாயில வரக்கூடாதும்மா. எதையாவது சொல்லி சமாளி."

சிதம்பரம் போய் அரங்கில் பேச ஆரம்பித்ததும் எல்லாம் நன்றாகத்தான் போனது. எங்கும் பரவியிருக்கிற ஹிக்ஸ் புலத்தோடு கெட்டியாகப் பிணைகிற துகளுக்கு நிறை அதிகம், லேசாகப் பிணைவதற்குக் குறைவு என்று படம் போட்டு விளக்கினாள். எலக்ட்ரானுக்கு அண்ணன் மாதிரி மியூவான் என்றொரு துகள் இருப்பதையும் சொன்னாள். சார்லஸ் எழுந்தான். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்ததும், மனப்பாடம் பண்ணியதெல்லாம் மறந்து பேந்தப் பேந்த விழித்தான்.

"அக்கா... மேடம்," என்றான். அரங்கமே சிரித்தது. "எலக்ட்ரானும் மியூவானும் மத்த எல்லாத்துலயும் ஒன்னுன்னீங்க. நிறை மட்டும் மியூவானுக்கு இருநூறு மடங்கு ஜாஸ்தின்னீங்க. அது மட்டும் ஏன் அவ்ளோ கெட்டியா பிணையுது?"

அடப்பாவி! அந்தக் கேள்வியைத்தான் அவள் ஆய்வேடு முழுக்கச் சுற்றி வளைத்துத் தாண்டி வந்திருந்தாள். கைடு கண்ணாலேயே 'சமாளி' என்றார். சமாளிக்கத் தெரியாதவளா? நாலு சமன்பாட்டை எழுதினால் தம்பி கப்சிப்பென்று உட்கார்ந்துவிடுவான். ஆனால் அவன் நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு நின்றான். அந்த முகத்தைப் பார்த்து எப்படி மழுப்புவது?

"தெரியாதுடா," என்றாள். "எனக்கு மட்டுமில்ல, உலகத்துல இன்னும் யாருக்குமே தெரியாது. எவ்ளோன்னு அளந்துட்டோம். ஏன்னுதான்..." கைடு தலையில் கை வைத்துக்கொண்டார்.

வெளியூர்ப் பேராசிரியர் பேனாவை மூடினார். "இத நானே கடைசியா கேக்கலாம்னு வெச்சிருந்தேன். இதுக்கு முன்னாடி கேட்ட வைவாலல்லாம் சமாளிக்கத்தான் செஞ்சாங்க," என்றார். "வாழ்த்துகள், டாக்டர் எழிலரசி."

சமோசாவும் டீயும் வந்தன. அவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

"பட்டந்தான் வந்துடுச்சே, இன்னும் என்னக்கா?"

"நீ கேட்டது அப்படியே நிக்குதேடா, பாவி! இத்தன வருஷமா அதப் பாக்காமயே ஓடிட்டேன்."

தட்டை அவன் கையில் திணித்துவிட்டு, சாக்பீஸைத் தேடிக்கொண்டு போர்டுப் பக்கம் போனாள்.