ஆடும் நாற்காலியும் ஆறு எண்களும்

ரகுநாதனுக்கு ஷ்ருதியைக் கண்டால் ஆகாது. அவரைக் கண்டால் அவளுக்கும் பற்றிக்கொண்டு வரும். துபாயில் அவர்கள் வேலை பார்த்த அலுவலகம், மனிதர் ஏறிப் போகும் விண்கலத்துக்குத் திரைகளை வடிவமைத்தது. வடிவம் மேலாளர் ரகுநாதனுடையது. ஓட்டுபவர் கண்ணுக்கு அது தெரிகிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது ஷ்ருதியின் வேலை. எட்டு மாதமாக இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

சண்டை எண்களைப் பற்றியது. அழகு அழகு என்று அவர் எண்களை நூலாக இளைக்க வைத்திருந்தார். ராக்கெட் கிளம்பும்போது உடம்பையே உலுக்கி எடுக்கும். அந்த நேரத்தில் கேபின் அழுத்தத்தைத் தப்பாகப் படித்தால் உள்ளே இருப்பவர் கதை முடிந்தது. ஷார்ஜாவில் செய்து வாங்கிய ஆடும் நாற்காலியில் அலுவலகமே உட்கார்ந்து பார்த்தது, எல்லாரும் தேறினார்கள். தேறாமல் என்ன செய்வார்கள்? சோதனையில் வரும் ஆறு எண்களும் முதல் நாளிலிருந்து மாறவேயில்லை. டீ கொண்டுவரும் அஸ்கர் அலிக்குக்கூட மனப்பாடம்.

"எண்ணையெல்லாம் மாத்திட்டு ஒரு தடவை பார்க்கலாம் சார். தடிமனாவும் போடணும்."

"தடிமனா போட இது என்ன பஸ் போர்டா? மத்தியானம் ஆமிரா வர்றாங்க. அதுக்குள்ள சைன் பண்ணு. இல்லேன்னா விசாவை கேன்சல் பண்ணிடுவேன், ஊருக்குக் கிளம்பு."

ஷ்ருதி கையெழுத்துப் போடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஆறு எண்களையும் மாற்றி வைத்தாள்.

அந்தக் கலத்தில் பறக்கப் போகிறவள் ஆமிரா. அவள் எதிரில் பெருமையடித்துக்கொள்ள ரகுநாதனே நாற்காலியில் ஏறினார். அது உலுக்க உலுக்க, அழுத்தம் நூற்றொன்று என்று தொடங்கி ஆறையும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார். ஷ்ருதி நாற்காலியை நிறுத்தினாள். திரையில் அழுத்தம் அறுபத்திரண்டு என்று இருந்தது.



"யார் மாத்துனது?" என்று தமிழில் சீறினார்.

"நான்தான். புது எண்ணு உங்க கண்ணு முன்னாடிதானே இருந்துச்சு."

"நாளைக்கு நீ இங்க இருக்க மாட்டே."

"இல்லேன்னா போகுது. ஆனா என் சைனும் இருக்காது."

ஆமிராவுக்குத் தமிழ் தெரியாது. ரகுநாதனை இறங்கச் சொல்லிவிட்டு, தானே ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். எண்களை மறுபடி மாற்றி, முழு வேகத்தில் ஆட்டச் சொன்னாள். நாற்காலி நின்றபோது அவள் முகம் வெளிறியிருந்தது. ஒன்றுகூடப் படிக்க முடியவில்லை என்றாள். பிறகு ரகுநாதனிடம், நீங்கள் மட்டும் எப்படிப் படித்தீர்கள் என்று நிதானமாகக் கேட்டாள்.

அவர் ஷ்ருதியைப் பார்த்தார். அவள் திரையில் எண்களைத் தடிமனாக்கத் தொடங்கியிருந்தாள்.