மருந்து போடாத குடுவை

…சிவப்பேதான், ஜன்னல் வெளிச்சத்தின் வேலையெல்லாம் இல்லை, சுழற்றி எடுத்த குழாயின் அடியில் செல்கள் இளஞ்சிவப்பாகப் படிந்திருக்கின்றன, மருந்து போட்ட குடுவையில் சிவந்தால் நியாயம், இது மருந்தே போடாத குடுவையாயிற்றே, இது வெள்ளையாகத்தானே இருக்க வேண்டும்… காந்திமதி லேபிளை மறுபடி பார்த்தாள், காமுவின் கையெழுத்து, முத்து முத்தாக, அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும், இன்றைக்கு மட்டும் சிரிப்பு வந்தது, மருந்தில்லாமலே சிவக்கிறதென்றால் உன் மருந்து என்னத்தைக் கிழித்தது காமு? சாயங்காலம் ஆய்வகத் தலைவர் சுந்தரராமன் சார் வரட்டும், 'நம்ம காமு, நம்ம காமு' என்று தாம்பரம் ஸ்டேஷன் வரை கேட்கிற மாதிரி கொண்டாடுகிறாரே, அவரே பார்க்கட்டும், பெங்களூர் கருத்தரங்குக்கு எங்கள் இரண்டு பேரில் யார் போவது என்று இன்றைக்குத்தானே சொல்லப்போகிறார்.

ரத்தத்தைச் சிவப்பாக்குகிற புரதத்தில் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு ஒரு குளோபின், பிறந்த பிறகு வேறொன்று, பழைய ஜீன் எங்கேயும் போய்விடுவதில்லை சார், வாயை மூடிக்கொண்டு உள்ளேயே கிடக்கிறது, அதை மறுபடி பேசவைத்துவிட்டால் மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்கிற தலசீமியாக் குழந்தைகளுக்கு… இதைச் சொல்லி இந்த ஆய்வகத்துக்குள் முதலில் வந்தவள் யார், அவளா நானா? அப்போது அவள் காலேஜில் ரெட்டைப் பின்னல். அனகாபுத்தூரில் பஸ் பிடித்து, பல்லாவரத்தில் ரயிலுக்கு மாறி, தீபாவளியன்றுகூட வந்து செல்களுக்குச் சாப்பாடான மீடியத்தை மாற்றியவள் நான், "பெத்த புள்ளைக்கே இப்டி யாரும் ஊட்ட மாட்டாங்கடி, இன்னா செல்லோ இன்னா எழவோ" என்று அம்மா தலையிலடித்துக்கொள்வாள், நாலு வருஷமாக எத்தனை மருந்து போட்டும் அவை தயிர்சாதம் மாதிரி வெளுத்தே கிடந்தன. போன தையில் வந்தவள் காமு, ஏதோ ஒரு மருந்து, தண்ணீர் மாதிரி நிறமே இல்லாதது, முதல் தடவையே செல்கள் சிவந்துவிட்டன. சார் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். நானும் தின்றேன், வெட்கமில்லாமல் இரண்டு.

எப்படிச் சொல்வது சாரிடம், வருத்தப்படுகிற முகத்தோடு சொல்ல வேண்டும், 'பாவம் சார், எங்கேயோ தப்பு நடந்திருக்கு'… உடனே கேட்பாரே, கடைசியா மீடியம் மாத்தினது யாரும்மா என்று. யார்? "அக்கா, எங்க அண்ணா கல்யாணம், வியாழக்கிழமை மட்டும் என் செல்லுக்கு மீடியம் மாத்திடறேளா? மருந்து கலந்த பாட்டில் தனியா வெச்சிருக்கேன், சாதாக் குடுவையை மொதல்ல முடிச்சுடுங்கோ." சாதாவை முதலில், மருந்தைப் பிறகு, எனக்கேவா பாடம், அவளுக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் வியாழக்கிழமை நான் எதை முதலில் எடுத்தேன்… சிவந்ததைத்தான், நிஜமாகவே சிவப்பா, இப்போதாவது வெளுத்திருக்காதா என்று, வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்து, வயிறு எரிய, மருந்து பாட்டிலைத் திறந்து ஊற்றி, அப்புறம் சாதாக் குடுவைக்குப் போகும்போது அதைக் கீழே வைத்தேனா? குளிர்பெட்டியைத் திறந்தாள். மருந்து பாட்டில் காலி. சாதா பாட்டில் கழுத்துவரை அப்படியே, மூடி மேல் ஒட்டிய டேப்கூடப் பிரியவில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம், காமுதான், செம்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் நேராக வந்திருப்பாள், "அக்கா, பட்சணம் கொண்டுவந்திருக்கேன்! ரெண்டும் சரியா வந்திருக்கா?" காந்திமதி குழாயைக் கீழே வைக்கவில்லை, அவளுடைய மருந்து வேலை செய்கிறது, சந்தேகமே இல்லை, அதற்கு நானே சாட்சி, இந்த நாலு வருஷத்தில் என் கை பட்டுச் சிவந்த செல்கள் இவை மட்டும்தான்… எவ்வளவு அழகாக இருக்கின்றன.